ரிசீவரை மாத்தித்தான் ஆகணுமா? பிஎஸ்5, ஷீல்டு, ஆப்பிள் டிவி, டிடிஎச்: எதை எங்க குத்தறது?

வடவள்ளி வேலு:

வணக்கமுங்க. ஒரு வருசமா இங்க வந்து படிச்சுட்டுப் போறவன், இன்னைக்குத்தான் வாயத் தொறக்கறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

ஹால்ல 5.1.2 ஸ்பீக்கர் இருக்குது, சுத்தி அஞ்சு, சப்வூஃபர் ஒண்ணு, கூரையில ரெண்டு. ஸ்பீக்கருக்கெல்லாம் சத்தத்தைப் பிரிச்சுக் குடுக்கற ரிசீவர் 2018ல வீடு கட்டும்போது வாங்குனது. ஏழு சேனல், 4கே 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 ஃபிரேம்) வரைக்கும் போகும், இஆர்க் (டிவியில இருந்து சத்தம் அதே எச்டிஎம்ஐ கேபிள்ல ரிசீவருக்குத் திரும்பி வர்ற வழி) பிற்பாடு அப்டேட்ல வந்துச்சு. டிவி மூணு வருசத்துக்கு முன்ன மாத்துனேன், 65 இன்ச். பின்னாடி நாலு எச்டிஎம்ஐ. அதுல 3ம் 4ம் மட்டுந்தான் 4கே 120 வாங்கும். இஆர்க்கும் அந்த 3லயேதான் இருக்குது. ஆக ரிசீவர் கேபிள் 3ல ஏறிட்டா மிச்சம் ஒண்ணே ஒண்ணு. வாங்கும்போது யாரும் சொல்லல, நானும் கேக்கல.

ரிசீவர் ஹால் மூலையில மர அலமாரிக்குள்ள. அங்கிருந்து டிவிக்கு சுவத்துக் குழாய்க்குள்ள 10 மீட்டர் கேபிள் போகுது, அதும் 2018 சரக்கு.

பொட்டிங்க அஞ்சு: பிஎஸ்5, பையனோட நிண்டெண்டோ ஸ்விட்ச், ஆப்பிள் டிவி 4கே, என்விடியா ஷீல்டு ப்ரோ, டிடிஎச். எங்கிட்ட இருக்கற ப்ளூரே டிஸ்க் எல்லாத்தையும் காப்பி பண்ணி ஹார்டு டிஸ்க்ல வெச்சு ஷீல்டுலதான் ஓட்டறேன். கடையில இருந்து மாட்ட வந்த பையன் ஷீல்டை மட்டும் நேரா டிவில குத்திட்டு, மத்த நாலையும் ரிசீவர்ல குத்திட்டுப் போயிட்டான்.

இப்ப என்ன கூத்துன்னா, பிஎஸ்5ல 120 ஹெர்ட்ஸ் வரவே மாட்டீங்குது, 4கே 60லயே நிக்குது. ஷீல்டுல பாதிப் படத்துக்கு சத்தமே இல்ல, படம் மட்டும் ஊமையா ஓடுது. மாட்டுன பையனைக் கேட்டா "ஃபைல் கெட்டிருக்கும் சார்"ங்கறான். அதே ஃபைல் என்னோட லேப்டாப்ல நல்லாப் பேசுது. ஆப்பிள் டிவியில மெனுவுல இருக்கும்போது திரை சட்டுன்னு கருத்துப் போயி ரெண்டு செகண்டு கழிச்சு வருது. வேடிக்கை என்னன்னா, படம் ஓடும்போது அப்படி ஆகறதில்ல.

இதெல்லாத்தையும் விட அம்மா பாடுதானுங்க பெரும்பாடு. சாயங்காலம் சீரியலுக்கு டிவியப் போட்டா ரிசீவர் வேற இன்புட்ல இருக்கும், இல்லாட்டி பிஎஸ்5 தானா முழிச்சுக்கிட்டு நீல வெளிச்சம் காட்டும். அஞ்சு ரிமோட்டும் ஒரு முறுக்கு டப்பாவுல கெடக்குது. எந்த பட்டன் எதுக்குன்னு தெரியறதுக்கு அம்மா ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வெச்சிருக்காங்க. செகப்பு பொட்டு டிவி ஆன், மெரூன் பொட்டு இன்புட்டு, இப்படி நாலு பொட்டு. அப்படியும் முடியாம இப்ப சமையக்கட்டுல நின்னுக்கிட்டே போன்ல பாக்கறாங்க. இம்புட்டுக் காசு போட்ட எனக்கு அதப் பாக்கறப்ப ஒரு மாதிரி இருக்குது.

கடையில கேட்டா "ரிசீவரை மாத்துங்க, எல்லாம் சரியாயிடும்"ங்கறாங்க. ஒரு லட்சத்துக்கு மேல ஆகும். நெசமாவே மாத்தித்தான் ஆகணுமுங்களா?

சவுண்ட்பார் சுந்தரம்:

எல்லாத்தையும் வித்துட்டு ஒரு நல்ல சவுண்ட்பார் வாங்கி டிவிக்குக் கீழ வச்சுட்டு நிம்மதியா இருங்க. நான் அப்படித்தான் இருக்கேன். அம்மாவும் சந்தோஷம், நாமளும் சந்தோஷம்.

டவுன்ஹால்ரோடு மாமா:

சுந்தரம், கூரையில ஓட்டை போட்டு ஸ்பீக்கர் வச்சிருக்கவருகிட்ட போயி சவுண்ட்பாருங்கிறீங்களே, கல்யாணம் ஆனவன்கிட்ட பொண்ணு பாக்கப் போலாமாங்கிற மாதிரி.

வேலு தம்பி, ரிசீவரை மாத்த வேண்டாம். ஒரு கேபிளைத் தவிர ஒத்தப் பைசா செலவில்ல. உங்க வீட்டுல மாட்டுனவரு அப்படியே தலைகீழா மாட்டிட்டுப் போயிருக்காரு. ரிசீவர்ல இருக்க வேண்டியது டிவியில இருக்கு, டிவியில இருக்க வேண்டியது ரிசீவர்ல இருக்கு. அம்புட்டுத்தான் வியாதி.

நான் மதுரையில டிவி ரிப்பேர்ல ஆரம்பிச்சு இப்ப வீட்டுத் தியேட்டர் மாட்டுறவன். முப்பது வருசமா ஒயர் பிடுங்கிக் குத்துறதுதான் பொழப்பு. பூராம் பேரும் ஒரு பொட்டிய எங்க குத்தணும்னு முடிவு பண்ணும்போது படத்தைத்தான் யோசிக்கிறாங்க. நீங்க சத்தத்தை யோசிங்க. இந்தப் பொட்டி எந்த மாதிரி சத்தம் குடுக்குது, அதை டிவி முழுசா ரிசீவருக்குக் கடத்துமா? கடத்தும்னா டிவியில குத்துங்க. கடத்தாதுன்னா ரிசீவர்ல குத்துங்க.

ஷீல்டை எடுங்க. டிஸ்க்ல இருந்து எடுத்த படத்துல சத்தம் பாதிக்கு டால்பி ட்ரூஎச்டி, பாதிக்கு டிடிஎஸ்-எச்டி, ரெண்டும் சத்தத்தைச் சுருக்கி வைக்கிற முறை. டிடிஎஸ்ஸுக்கு உரிமம் கட்டாத டிவி நிறைய இருக்கு. சாம்சங்ல 2018 மாடல்லேர்ந்தே கிடையாது. எல்ஜியில 2020லேர்ந்து 2022 வரைக்கும் வந்த ஓஎல்இடியில எடுத்துட்டு, 2023 மாடல்ல திரும்பக் கொண்டாந்தாங்க. உங்க டிவி எந்தக் கம்பெனியோ, அறிகுறியப் பாத்தா அதும் டிடிஎஸ் கடத்தாத சாதிதான். ஃபைல்ல ஒரு கோளாறும் இல்ல. பிடுங்கி ரிசீவர்ல குத்துங்க, ஊமைப் படம் வாய் திறக்கும். படத்துக்கு என்ன ஆகும்னு பயப்படாதீங்க. சினிமா ஓடுறது நொடிக்கு 24 ஃபிரேம், ஷீல்டும் எச்டிஎம்ஐ 2.0தான். நொடிக்கு 18 ஜிகாபிட் கடத்துற ரிசீவர் வழியா தாராளமாப் போகும்.

பிஎஸ்5 வேற கதை. அது 4கே 120க்கு 32 ஜிகாபிட் தள்ளுற சாமான். உங்க ரிசீவர் 18. மாசி வீதியில ஓடுற தேரை சந்துக்குள்ள திருப்பினா என்ன ஆகும்? அதனாலதான் 60லயே நிக்குது. அதை டிவியோட 4ல குத்துங்க. கேம் சத்தம் தானா இஆர்க் வழியா ரிசீவருக்கு இறங்கிரும்.

டிடிஎச்சும் டிவியிலதான், 1ல. ஸ்விட்ச், ஆப்பிள் டிவி ரெண்டும் ரிசீவர்லயே கிடக்கட்டும்.

அடுத்து அந்தக் கருப்புத் திரை. மெனுவுல வருது, படத்துல வரலைன்னு எழுதுனீங்க பாருங்க, அந்த ஒரு வரி போதும், பாதி வேலை முடிஞ்சது. ஆப்பிள் டிவி மெனு 4கே 60ல நிக்குது, அது உங்க கேபிளை விளிம்பு வரைக்கும் ரொப்புது. படம் வந்ததும் 24க்கு இறங்குது, சுமை பாதியாக் குறையுது. அதனால படத்துல தாங்குது, மெனுவுல தடுமாறுது. செட்டிங்ஸ்ல குரோமான்னு ஒண்ணு இருக்கும், நிறத் தகவலை எம்புட்டு அனுப்பணும்ங்கிறது, அதை 4:2:0ன்னு கம்மியாக்கி ரெண்டு நாள் பாருங்க. கருப்பு நின்னுருச்சுன்னா ரிசீவரும் டிவியும் நிரபராதி, சுவத்துக்குள்ள கிடக்குற கேபிள்தான் குத்தவாளி. 10 மீட்டருக்குச் செம்புக் கேபிள் அந்தக் காலத்துல போட்டதே தைரியம்தான். இன்னொண்ணு, மெனுவுல இருந்து படத்துக்குப் போகும்போது ஒரு தடவை கருத்துத் திரும்ப வரும். அது வேற. ஃபிரேம் மாறும்போது ரெண்டு பக்கமும் புதுசா கைகுலுக்கிக்குது. அதைக் கோளாறுன்னு நினைச்சுப் பின்னாடி அலையாதீங்க.

புதுக் கேபிள் வாங்குறதா இருந்தா ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்குங்க, உள்ள கண்ணாடி இழை ஓடுறது. மூணு விசயம். ஒரு முனையில சோர்ஸ், மறு முனையில டிஸ்ப்ளேன்னு அடிச்சிருக்கும், திருப்பிப் போட்டா படமே வராது. இஆர்க் திரும்பி வருமான்னு அட்டையில பாத்து வாங்குங்க, எல்லா ஆப்டிகல்லயும் வராது. உங்க வீட்டுல சத்தம் பூராம் அது வழியாத்தான் திரும்பணும். மூணாவது, குழாய்க்குள்ள இழுக்குறதுக்கு முன்ன தரையில விரிச்சு ரெண்டு பக்கமும் மாட்டி ஓட்டிப் பாத்துட்டு இழுங்க. ஒரு தடவை நான் அதைச் செய்யாம இழுத்தேன். எல்போவுல மடங்கி உள்ள இழை முறிஞ்சிருக்கு, வெளியில ஒரு கீறல் கூட இல்ல. டிவியைத் திரும்ப இறக்கி, கேபிளைத் திரும்ப உருவி, அந்த வீட்டம்மா மூணு தடவை காபி குடுத்தாங்க, எனக்குத்தான் இறங்கல.

கடைசியா பிஎஸ்5 தானா முழிக்கிறது. சிஇசிங்கிறது பொட்டிங்க ஒண்ணை ஒண்ணு எழுப்புற, அணைக்கிற பேச்சு, எச்டிஎம்ஐ பிளக்ல 13வது ஊசியில ஓடுது. உங்க வீட்டு அஞ்சு பொட்டியும் டிவியும் ரிசீவரும் அந்த ஒத்தக் கம்பியிலதான் தொங்குது. ஒருத்தன் தண்டோரா போட்டா ஊரே எந்திரிக்கும். டிவியிலயும் ரிசீவர்லயும் மட்டும் சிஇசிய வையுங்க. மத்த அத்தனையிலயும் அணைச்சுருங்க. அப்ப டிவி ஆன் பண்ணா ரிசீவர் கூடவே எந்திரிக்கும், டிவி ரிமோட்ல வால்யூம் அமுக்கினா ரிசீவர் கேக்கும், வேற ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான்.

அம்மாவுக்கு: சில டிடிஎச் ரிமோட்ல டிவி ரிமோட்டோட ஆன், வால்யூம் பட்டனைக் கத்துக்கிற வசதி இருக்கும். ரெண்டு ரிமோட்டையும் மூக்கோட மூக்கு வச்சு அமுக்கணும். உங்க ரிமோட்ல இருந்துச்சுன்னா அம்மா கையில அந்த ஒத்த ரிமோட்டு போதும்.

ஜாய்ஸ்டிக் ஜமுனா:

மாமா சொன்னது எல்லாம் சரி, ஒரே ஒரு இடத்தைத் தவிர. பிஎஸ்5 சத்தம் "தானா இறங்கிரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தானாக இறங்காது. நான் இரண்டு மாதம் ஸ்டீரியோவில் விளையாடிக்கொண்டு சரவுண்ட் என்று நம்பியவள். பின்னால் ஒருவன் நடந்து வந்து என்னைச் சுட்டபோது காலடிச் சத்தம் முன் ஸ்பீக்கரில் கேட்டது. அப்போதுதான் எழுந்துபோய் ரிசீவர் முகப்பைப் பார்த்தேன், ஸ்டீரியோ என்று பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

வேலு அண்ணா, செய்ய வேண்டியது இது. பிஎஸ்5இல் சவுண்டுக்குள் போய் எச்டிஎம்ஐ சாதனம் எது என்று கேட்கும் இடத்தில் ஏவி ஆம்ப்ளிபயர் என்று கொடுங்கள், டிவி என்று விடாதீர்கள். பிறகு எத்தனை சேனல் என்று கேட்கும். ஃபார்மட்டில் லீனியர் பிசிஎம் (சுருக்காத சத்தம்) வையுங்கள். டிவியில் இஆர்க் ஆட்டோ, டிஜிட்டல் ஆடியோவைப் பாஸ்த்ரூ (தொடாமல் அப்படியே கடத்துவது) ஆக்குங்கள். இஆர்க் என்பதால் பிசிஎம் எட்டு சேனல் வரை முழுசாகத் திரும்பும். பழைய ஆர்க் மட்டும் இருக்கிற வீடு என்றால் பிசிஎம் இரண்டே சேனல்தான், அங்கே பிட்ஸ்ட்ரீம் டால்பி (சுருக்கிய சத்தம்) வைக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் எத்தனையோ பேர் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிப்போகிறார்கள். 2023 அப்டேட்டில் பிஎஸ்5க்கு டால்பி அட்மாஸும் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் முறை) வந்துவிட்டது. கூரை ஸ்பீக்கர் இருப்பதால் அதையும் போட்டுப் பாருங்கள், எனக்கு விளையாட்டுக்கு விளையாட்டு வித்தியாசமாகத்தான் இருக்கிறது.

டிவியில் 4ஆம் இன்புட்டுக்கு எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட் என்று ஒரு செட்டிங் இருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. எல்ஜியில் டீப் கலர், சாம்சங்கில் இன்புட் சிக்னல் ப்ளஸ். அதை உயர்த்தாவிட்டால் போர்ட் பழைய வேகத்திலேயே கிடக்கும், பிஎஸ்5 120 என்கிற பேச்சையே எடுக்காது. ரிசீவரிலும் ஷீல்டு, ஆப்பிள் டிவி குத்தியிருக்கிற இன்புட்டுக்கு 4கே சிக்னலை என்ஹான்ஸ்டு ஆக்குகிற ஒரு வரி இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

120ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வந்துவிட்டால் எல்லா விளையாட்டும் 120இல் ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள், கொஞ்சம்தான் ஓடுகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது விஆர்ஆர். பிஎஸ்5க்கு 2022 ஏப்ரலில் வந்தது. 48க்கும் 120க்கும் நடுவே ஃபிரேம் ஏறி இறங்கும்போது திரையும் கூடவே ஏறி இறங்கும், படம் கிழிவதில்லை. இதற்காகவேனும் டிவியில் நேராகக் குத்துவது சரி.

பையனின் ஸ்விட்ச் பற்றி யாரும் பேசவில்லை, பாவம். அது டால்பியும் தராது, டிடிஎஸ்ஸும் தராது, பிசிஎம் 5.1 மட்டும்தான். ரிசீவரில் குத்தியிருப்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் அதன் செட்டிங்கில் டிவி சவுண்டை சரவுண்ட் ஆக்கியிருக்கிறானா என்று பாருங்கள். அங்கேயே டிவி அணைந்தால் தானும் அணைகிற இணைப்பு ஒன்று இருக்கும், மாமா சொன்னபடி அதையும் எடுத்துவிடுங்கள். பிஎஸ்5இல் எச்டிஎம்ஐ டிவைஸ் லிங்க் என்பதை அணைத்தால் போதும்.

டவுன்ஹால்ரோடு மாமா:

ஜமுனா சொல்றது நெசம். பேச்சுவாக்குல தானா வரும்னு வாயில வந்துருச்சு. வேலையில நானே போயி ஒவ்வொண்ணா அமுக்கிட்டுத்தான் வருவேன்.

வேலு தம்பி, ஷீல்டை ரிசீவருக்கு மாத்துனதும் முதல் வேலையா ரிசீவர் முகப்பைப் பாருங்க. டிடிஎஸ்-எச்டின்னோ ட்ரூஎச்டின்னோ அட்மாஸுன்னோ எழுதிக் காட்டணும். பிசிஎம்னு காட்டுச்சுன்னா ஷீல்டு உள்ளயே பிரிச்சு அனுப்புது, பாஸ்த்ரூ போடல. காதை நம்பாதீங்க, முகப்பை நம்புங்க. ஆப்பிள் டிவியில மட்டும் இந்தக் கணக்கு வேற. அது எதையும் தானே பிரிச்சு பிசிஎம்மாத்தான் குடுக்கும், அட்மாஸும் அதோட சேந்தே வரும். அது கோளாறில்ல. அதனாலதான் காப்பி பண்ண டிஸ்க்கை ஆப்பிள் டிவியில ஓட்டாம ஷீல்டுல ஓட்டுறீங்க, அது நல்ல புத்தி.

அலமாரிக்குக் கதவு இருக்கா? இருந்தா ரிசீவர் ஓடும்போது திறந்து வையுங்க. மேல நாலு விரக்கடை இடம் வேணும். பிஎஸ்5ஐ அதுக்குள்ள படுக்க வச்சிருந்தா வெளியில எடுத்து டிவிக்குப் பக்கத்துல நிறுத்துங்க. அது ஆடும்போது சுமார் 200 வாட் இழுக்குற சாமான், ரெண்டு அடுப்ப ஒரே பொந்துல வைக்கக் கூடாது.

வடவள்ளி வேலு:

எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. சனிக்கெழம காலைல ஒம்பதுக்கு உக்காந்தேன், மதியச் சோறு மூணு மணிக்கு.

ஷீல்டு ரிசீவருக்குப் போச்சு. நான் முதல்ல போட்டது சத்தமே வராத படம். ரிசீவர் முகப்புல டிடிஎஸ்-எச்டி எம்ஏன்னு எழுத்து ஓடுச்சு பாருங்க, எஸ்எஸ்எல்சி ரிசல்ட் பாத்த மாதிரி இருந்துச்சு. பையன் ஓடி வந்து "என்னப்பா ஆச்சு"ன்னான்.

பிஎஸ்5 டிவி 4ல. முதல்ல 120 வரல, ஜமுனா தங்கச்சி சொன்ன சிக்னல் ஃபார்மட்டை மாத்துனதும் வந்துருச்சு. சவுண்டுலயும் டிவின்னுதான் இருந்துச்சு, மாத்தி விட்டேன். இத்தன நாளா நானும் ஸ்டீரியோவுலதான் சுட்டுட்டு இருந்திருக்கேன் போல.

ஆப்பிள் டிவி குரோமாவ 4:2:0 ஆக்கி இன்னையோட நாலு நாளாச்சு, ஒரு தடவை கூடக் கருக்கல. சரி, கேபிள்தான். ஆனா எலக்ட்ரீசியன் வந்து பாத்துட்டு, குழாய் முக்கால் இன்ச்சு, நடுவுல ரெண்டு எல்போ, எச்டிஎம்ஐ தலை நுழையாதுங்கறாரு. சுவத்தை உடைக்கணுமாமா.

இன்னொரு புதுத் தலைவலி. டிடிஎச்சை டிவிப் பக்கம் நகத்துனதுல இருந்து சப்வூஃபர்ல "ம்ம்ம்ம்"னு ஒரு இரைச்சல். முன்னயும் லேசா இருந்துச்சு, இப்ப ராத்திரி அமைதியா இருக்கறப்ப பெட்ரூம் வரைக்கும் கேக்குது. டிவி ப்ளக் வேற சுவத்துல, ரிசீவர் ப்ளக் வேற சுவத்துல. பக்கத்து வீட்டுக்காரரு "மூணாவது பின்னைக் கழட்டி விடுங்க, நின்னுரும்"ங்கறாரு. கழட்டட்டுங்களா?

டவுன்ஹால்ரோடு மாமா:

கழட்டாதீங்க! அந்த மூணாவது பின்னு எர்த்து. இரைச்சல் நிக்கும், நெசந்தான். நாளைக்கு உள்ள ஏதாவது ஷார்ட் ஆச்சுன்னா ரிசீவர் மேல்மூடியத் தொட்ட கைக்கு என்ன ஆகும்னு யோசிங்க. வீட்டுல சின்னப் பையன் வேற.

முதல்ல திருடன் யாருன்னு பாப்போம். எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கும்போது டிடிஎச் பொட்டிக்குப் பின்னாடி மாடியில இருந்து வர்ற டிஷ் கேபிளைத் திருகிக் கழட்டுங்க. இரைச்சல் அந்த நிமிசமே நிக்கும்னு என் கணக்கு. டிஷ் கம்பி மாடியில இரும்போட, செவத்தோட ஒட்டி ஒரு எர்த்துல நிக்குது, உங்க ரிசீவர் வீட்டு எர்த்துல நிக்குது. ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் டிஷ் கேபிள் மேலுறை வழியா, எச்டிஎம்ஐ மேலுறை வழியா ஒரு சுத்து சுத்துது. அந்தச் சுத்துதான் சப்வூஃபர்ல முனகுது. அந்தக் குரல் 50 ஹெர்ட்ஸ், நம்ம மின்சாரமேதான்.

மருந்து: டிவி, டிடிஎச், ரிசீவர், சப்வூஃபர் எல்லாத்தையும் ஒரே ப்ளக் பாயிண்ட்ல இருந்து எக்ஸ்டென்சன் போட்டு எடுங்க. பாதி அங்கயே குறையும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு டிஷ் கேபிள் வீட்டுக்குள்ள நுழையுற இடத்துல அதோட மேலுறைய வீட்டு எர்த்தோட சேக்கச் சொல்லுங்க. மிச்சமும் போகும். கடையில கேபிள் ஐசோலேட்டர்னு ஒண்ணு விப்பான், அதைக் கேபிள் டிவிக்காரங்க மாட்டலாம். டிடிஎச்சுல பொட்டியில இருந்துதான் மேல டிஷ்ஷுக்கு 13, 18 வோல்ட் ஏறுது, ஐசோலேட்டர் அதை அடைச்சுச்சுன்னா சேனலே வராது. அதுக்கப்புறமும் முனகுச்சுன்னா சப்வூஃபர் ஒயர்ல மாட்டுற சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஐசோலேட்டர் இருக்கு, அதைக் கடைசியில பாத்துக்கலாம்.

எர்த்து சேக்கச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. ரெண்டு வருசத்துக்கு முன்ன ஐப்பசி மழையில திருநகர்ல ஒரு வீடு. இடி பக்கத்துத் தென்னையில. வீட்டுக்கு சர்வோ ஸ்டெபிலைசர் போட்டிருக்காரு மனுசன், கரண்டு லைன்ல ஒரு துளி பிரச்சினை இல்ல. வந்தது டிஷ் கேபிள் வழியா. டிடிஎச் பொட்டி போச்சு, அதுலேர்ந்து எச்டிஎம்ஐ வழியா ரிசீவரோட எச்டிஎம்ஐ போர்டு போச்சு. ஸ்பீக்கர் பாடும், ரேடியோ பாடும், ஒரு எச்டிஎம்ஐ இன்புட்டும் வேலை செய்யாது. போர்டைக் கழட்டிப் பாத்தா எரிஞ்ச வாடை கூட இல்ல, சுத்தமா இருந்துச்சு. ஸ்டெபிலைசர் ஓரமா நின்னு வேடிக்கை பாத்திருக்கு. அதனால மழை இருட்டுச்சுன்னா டிஷ் கேபிளைத் திருகிக் கழட்டுற பழக்கம் வச்சுக்கங்க. டிடிஎச் இப்ப டிவியில இருக்கறதால இடி வந்தா முதல்ல வாங்கப்போறது டிவி. அதையும் சொல்லிட்டேன்.

கேபிளுக்குச் சுவத்தை உடைக்க வேண்டாம். தலை கழட்டுற ஆப்டிகல் கேபிள் வருது. நுனியில மைக்ரோ எச்டிஎம்ஐ அளவுக்குச் சின்னத் தலைதான் இருக்கும், பெரிய தலைய வெளியில வந்தப்புறம் மாட்டிக்கணும். பழைய கேபிளை உருவும்போது சும்மா உருவாதீங்க, அதோட வாலுல ஒரு நைலான் கயிறைக் கட்டி உருவுங்க. கயிறு குழாய்க்குள்ள நிக்கும், அதுல புதுசைக் கட்டி இழுக்கலாம். பழைய கேபிள் தலை பெருசா இருந்து எல்போவுல மாட்டுச்சுன்னா தலைய வெட்டிருங்க, அதுதான் எப்படியும் குப்பைக்குப் போகுதே. புதுக் கேபிள் மேல முகத்துக்குப் போடுற பவுடரைத் தடவுங்க. ஒரு ஆளு டிவிப் பக்கம் இழுக்கட்டும், நீங்க அலமாரிப் பக்கம் தள்ளுங்க. இழுக்குறவரு தம் பிடிச்சு இழுக்கக் கூடாது, தள்ளுறவரு தள்ளுற அளவுக்குத்தான் வாங்கணும். அங்கதான் என் கேபிள் போச்சு.

ஜாய்ஸ்டிக் ஜமுனா:

கேபிள் மாற்றிய பிறகு ஆப்பிள் டிவியில் குரோமாவைத் திரும்ப ஏற்றிப் பாருங்கள். அதிலேயே எச்டிஎம்ஐ இணைப்பைச் சோதிக்கிற வசதி ஒன்று வீடியோ செட்டிங்கில் இருக்கிறது, இரண்டு நிமிடம் ஓடும். இன்னொன்று, மேட்ச் கன்டென்ட் என்ற இடத்தில் ரேஞ்ச் (வெளிச்ச அளவு), ஃபிரேம் ரேட் இரண்டையும் போட்டிருக்கிறீர்களா? உங்கள் ஆப்பிள் டிவி படத்துக்கு 24க்கு இறங்குவதால் ஃபிரேம் ரேட் போட்டிருப்பீர்கள். ரேஞ்சையும் பாருங்கள், இல்லாவிட்டால் பழைய படம் எல்லாம் கண்ணைக் கூசும்.

வடவள்ளி வேலு:

கடைசி சேதி. டிஷ் கேபிளைத் திருகுன நிமிசமே இரைச்சல் நின்னுச்சு, மாமா சொன்ன மாதிரியே. ஒரே பாயிண்ட்ல மாட்டுனதுல முக்கால்வாசி போச்சு. எர்த்து வேலைக்கு எலக்ட்ரீசியன் திங்கக்கெழம வர்றேன்னாரு, எந்தத் திங்கள்னு சொல்லல.

கேபிள் உள்ள போயிருச்சு. நைலான் கயிறு, பவுடர் எல்லாம் மாமா கணக்குப்படி. மச்சான் டிவிப் பக்கம், நான் அலமாரிப் பக்கம், ஹால் பூராவும் பவுடர் வாசம். 4:2:2 ஏத்தி வெச்சு ரெண்டு நாளாச்சு, கருக்கல. ரேஞ்சு போடாமத்தான் இருந்துச்சுங்க தங்கச்சி, போட்டுட்டேன்.

அம்மா மேட்டர்: டிடிஎச் ரிமோட்ல டிவி ஆன், வால்யூம் ரெண்டையும் கத்துக்கிச்சு. ஆனா டிவி சில நாள் கடைசியா பாத்த பிஎஸ்5 இன்புட்லயே எந்திரிக்குது. அப்ப டிவி ரிமோட் வேணும். அதனால முறுக்கு டப்பாவுல இருந்து மூணு ரிமோட்டை எடுத்து மேல வெச்சுட்டேன், ரெண்டு மட்டும் வெளிய இருக்குது. அம்மா மூணு பொட்டை உரிச்சுட்டாங்க. அந்த மெரூன் பொட்டு மட்டும் இன்னும் இருக்குது. டிவி எப்பவும் 1லயே எந்திரிக்க வெக்கறதுக்கு ஏதாவது வழி இருக்குதுங்களா?

டவுன்ஹால்ரோடு மாமா:

டிவி செட்டிங்ல பவர் ஆன் இன்புட்டுன்னு தேடிப் பாருங்க, சில டிவியில இருக்கும். இல்லைன்னா ராத்திரி விளையாடி முடிச்சதும் 1க்கு மாத்திட்டு அணைங்க தம்பி. அது உங்க வேலை, அம்மா வேலை இல்ல.